ரசிகையிடம் என்ன கேட்டீர்கள்?

தமிழ் அறிவியல் புனைகதை ரசிகர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க யாராவது முன்வந்தால், முதல் நாள் படப்பிடிப்பைச் சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில் வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தோன்றும். முதல் காட்சி, கட்டவுட், பாலாபிஷேகம், தாரை தப்பட்டை, பட்டாசுப் புகை என்று கேமராவுக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். படம் விறுவிறுப்பாக வரும், வெளிநாட்டு விழாக்களுக்கும் போகும். ஆனால், அது தியேட்டர் வாசலில் கூடிய இளைஞர்களைப் பற்றிய படமாக மட்டுமே இருக்கும். ரசிகர்களைப் பற்றிய படம் என்று அதைச் சொன்னால் பாதிப்பேரை விட்டுவிட்டுச் சொன்னதாகும். அப்படி ஒரு படம் நேர்மையாக அமைய வேண்டுமானால் அதை ஓசூரில் தொடங்கி, கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கொண்டுபோக வேண்டும். அங்கே போனபின் எதைக் காட்டுவது என்பதைவிட யாரிடம் என்ன கேட்பது என்பதில்தான் அந்தப் படத்தின் நேர்மை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓசூரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் இந்த வகைக் கதையை வளர்த்த மூன்று இழைகள் இந்த எல்லைப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. ரோபோவையும் விண்வெளியையும் வாரப் பத்திரிகை வழியாக நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் சுஜாதா. அவர் பெங்களூரு ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடர் வந்துகொண்டிருந்தபோது அவர் வாழ்ந்த நகரத்துக்கும் ஓசூருக்கும் இடையே இருந்தது நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையும் ஓர் எல்லைச் சோதனைச் சாவடியும்தான். இரண்டாவது இழை, அவர் பங்களிப்போடு உருவாகி அவர் மறைவுக்குப் பின் 2010 அக்டோபர் 1 அன்று வெளியான 'எந்திரன்'. அதன் கதாநாயகன் ரஜினிகாந்த் வளர்ந்தது பெங்களூரு, நடிகரானது சென்னை. முன்னோர் ஊரோ கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளிப் பக்கத்து நாச்சிக்குப்பம். அவருடைய பெற்றோருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. மூன்றாவது இழை, தொழிற்சாலைகள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. இப்போது செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் இங்கே தயாராகின்றன. சுஜாதா கற்பனையாக எழுதியதை ஷிப்டுக்கு ஷிப்ட் கையால் தொட்டு வேலை பார்க்கிற தலைமுறை ஒன்று இங்கே உருவாகியிருக்கிறது. அதில் பெரும்பங்கு இளம்பெண்கள்.

ரசிகர்களைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அவற்றில் அதிகம் பேசப்பட்டது 1997-ல் ரோஜர் நைகார்ட் இயக்கிய 'ட்ரெக்கீஸ்'. 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ரசிகர்களைப் பற்றிய படம் அது. அந்தத் தொடரின் பிற்கால வடிவம் ஒன்றில் நடித்த டெனிஸ் கிராஸ்பி கையில் மைக்கோடு ரசிகர்களைச் சந்தித்துப் பேசுகிறார். தன் பல் மருத்துவமனையையே விண்கலம்போல அலங்கரித்த மருத்துவர் வருகிறார். 1996-ல் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த ஒயிட்வாட்டர் வழக்கில் ஜூரியாக அமர, விண்கலச் சீருடை அணிந்தே நீதிமன்றம் போன பெண்மணி வருகிறார். அந்தத் தொடர் சொல்லும் சகிப்புத்தன்மையும் சமத்துவமும் தன் கொள்கை, அதனால்தான் அந்தச் சீருடை என்பது அவர் தந்த விளக்கம். படம் பெண்களை ஒதுக்கியது என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பார்த்து முடித்த பின் மனதில் நிற்பது அவருடைய உடைதான், அவர் சொன்ன கொள்கை நிற்பதில்லை. ஒருவரைத் திரையில் காட்டியும் அவருக்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

உண்மையில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் உலகத்தைக் கட்டி எழுப்பியவர்கள் பெண்கள். இரண்டாவது ஆண்டோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது, 1967-68-ல் பீஜோ ட்ரிம்பிள் தன் கணவரோடு சேர்ந்து நாடு முழுக்கக் கடித இயக்கம் நடத்தினார். தொலைக்காட்சி நிறுவனம் மூன்றாவது ஆண்டுக்குத் தொடரைத் தொடரப்போவதாக ஒளிபரப்பிலேயே அறிவித்தது. தொடருக்கான முதல் ரசிகர் இதழ் என்று அறியப்படும் 'ஸ்பாக்கனேலியா' 1967-ல் வந்தது. அதன் ஆசிரியர்கள் இருவரும் பெண்கள். 1972-ல் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய ரசிகர் மாநாட்டின் அமைப்பாளர்களிலும் பெண்கள் முன்னால் நின்றார்கள். உறை ஒட்டுவது, முகவரி எழுதுவது, ஸ்டென்சில் வெட்டுவது, மண்டபம் பேசுவது எல்லாம் கேமராவுக்குச் சுவாரசியமில்லாத வேலைகள். அவற்றைச் செய்தவர்கள் தொடரின் கதையை அலசி ஆராய்ந்து கட்டுரையும் எழுதினார்கள். ரசிகர் உலகம் என்பது அந்த உழைப்பும் அந்த வாதமும் சேர்ந்தது. வேஷம் கட்டுவது அதில் கடைசியாக வருகிற பகுதி.

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமான படம் ஃபைசா அகமது கான் இயக்கிய 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்'. 2008-ல் எடுக்கப்பட்டு 2012-ல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரம் மாலேகாவ். வெள்ளிக்கிழமை தறி நிற்கும். ஊரே சினிமாவுக்குப் போகும். அங்கே நாசிர் ஷேக் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து, உள்ளூர் சூப்பர்மேன் படம் ஒன்றை எடுக்கிறார். தறித்தொழிலாளியான ஒல்லி மனிதர் ஒருவர் சூப்பர்மேன். பச்சைத் துணியைக் கட்டி அவரைப் பறக்கவிடுகிறார்கள். இந்தப் படத்தின் பெருமை, ஏழைத் தொழிலாளிகளை வேடிக்கைப் பொருளாக்காததில் இருக்கிறது. பறக்கும் காட்சியை எப்படி எடுப்பது, வில்லனுக்கு நியாயம் எப்படிச் சேர்ப்பது என்று அவர்கள் மூளையைக் கசக்குவதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. கதாநாயகி மட்டும் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். ஊரில் பாதிப்பேர் ஏன் இந்த விளையாட்டில் இல்லை என்பதற்கான பதிலை அந்த ஒரு தகவலே சொல்லிவிடுகிறது. படம் அதை மறைக்கவில்லை. நம் சீமையில் எடுக்கப்போகும் படத்துக்கு இது நல்ல முன்மாதிரி. 2011-ல் ஜெகநாதன் கிருஷ்ணன் இயக்கிய 'வீடியோக்காரன்' இன்னொன்று. மும்பைக் குடிசைப் பகுதியில் வீடியோ தியேட்டர் நடத்திய, ரஜினி ரசிகரான ஒருவரை உட்காரவைத்துப் பேசவிட்ட படம் அது. அவர் சினிமாவைப் பற்றி ஒரு விமர்சகர் மாதிரி பேசுகிறார். அவரைப் பேசவிட்டதால்தான் அது நிற்கிறது.

2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ரிங்கு கல்சியின் 'ஃபார் தி லவ் ஆஃப் எ மேன்' ரஜினி ரசிகர்களைப் பற்றியது. மிமிக்ரி கலைஞர், கடலை வியாபாரி, இனிப்புக் கடைக்காரர்கள் என்று சாதாரண மனிதர்களை அது பின்தொடர்கிறது. பரிவோடு எடுக்கப்பட்ட படம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் தலைப்பு சொல்கிறபடியே அது ஒரு மனிதர்மீது வைத்த அன்பைப் பற்றியது. அந்த அன்புக்குச் செலவான பணம், நேரம், வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றியது. மையத்தில் நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். சாரா டிக்கி 1980-களில் மதுரையில் ஆய்வு செய்து 1993-ல் வெளியிட்ட நூலும் ரசிகர் மன்றம் இளைஞர்களின் அமைப்பாக இருப்பதையே பதிவு செய்தது. ஆகவே இயக்குநர் மன்றத்தைத் தேடிப் போனால் ஆண்கள்தான் கிடைப்பார்கள். மன்றத்தைத் தேடிப் போவதா, ரசிப்பைத் தேடிப் போவதா என்ற முடிவைப் படம் தொடங்கும் முன்பே எடுத்தாக வேண்டும். 'அவருக்காக எதையெல்லாம் செய்தீர்கள்?' என்று கேட்டால் தியாகக் கதை வரும். 'அந்தக் கதையில் உங்களுக்கு எது சரியாகப் படவில்லை?' என்று கேட்டால் ஒரு வாசகர், ஒரு பார்வையாளர், ஒரு விமர்சகர் வெளிப்படுவார். நம் ஆவணப்படங்கள் ஏழைகளிடமும் பெண்களிடமும் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகின்றன.

கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க அறிவியல் புனைகதை வரலாறே சாட்சி. கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவல் 1968-ல் வந்தது. அதைத் தொடராக வெளியிட ஜான் கேம்பல் என்ற புகழ்பெற்ற ஆசிரியர் மறுத்துவிட்டார். கறுப்பினக் கதாநாயகனை வாசகர்கள் தங்களோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வாசகர்களை யாரும் கேட்கவில்லை; அவர்கள் பெயரால் ஒருவர் பேசிவிட்டார். அதற்கும் முன்னால், 1950-களில், வெள்ளை ரசிகர்கள் சிலர் சேர்ந்து கார்ல் பிராண்டன் என்ற ஒரு கறுப்பின ரசிகரைக் கற்பனையாகப் படைத்து, அவர் பெயரில் கட்டுரைகள் எழுதி, பல ஆண்டுகள் எல்லாரையும் நம்பவைத்தார்கள். ஆள் இல்லாத இடத்தை ஆள் பெயரால் நிரப்பினார்கள். வாசகர்களே வாக்களித்துத் தருகிற ஹ்யூகோ விருதை 2016, 2017, 2018 என்று மூன்றாண்டும் தொடர்ந்து வென்றவர் என்.கே.ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண். சிறந்த நாவலுக்காக அதை வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவரே. கேம்பல் வாசகர்கள் பெயரால் சொன்னதும் வாசகர்களே வாக்குச்சீட்டில் சொன்னதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று பாருங்கள்.

நம் பக்கம் வருவோம். இந்தியப் பெண் ஒருவர் எழுதிய முன்னோடி அறிவியல் புனைகதையான 'சுல்தானாவின் கனவு' 1905-ல் அச்சானது நம் மதராசில்தான். எழுதியவர் வங்கத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். வெளியிட்டது கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'. அதில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்து அடுப்பும் ஆயுதமும் இயக்குகிறார்கள், மேகத்திலிருந்து நேராக நீர் எடுக்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அலுவலக வேலைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்கிறது கதை. அந்த இதழை அன்று யார் வாங்கினார்கள், படித்த பெண்கள் இந்தக் கதையைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்ற கேள்விகளை நாம் பெரிதாகத் துரத்தவே இல்லை. ஸ்பெயினில் இசபெல் எர்கெரா 2023-ல் அந்தக் கதையை மூலமாக வைத்து முழுநீள அனிமேஷன் படமே எடுத்துவிட்டார். மதராசில் அச்சான கதைக்கு நாம் இன்னும் உரிமை கொண்டாடவில்லை.

'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், காணாமல் போன கணவனைத் தேடிப் புறப்படும் நிலா என்ற பெண்தான் மையம். புத்தகம் படித்துச் சிந்திக்கக் கற்றுக்கொண்ட ஜீனோ என்ற ரோபோ நாய் அவளுக்குத் துணை. பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. வார இதழ் என்பது வீட்டுக்கு வருகிற பொருள். மத்தியானச் சமையல் முடிந்து அடுப்படியில் ஓய்கிற நேரத்தில் பெண்கள் கைக்கு வந்து சேரும் பொருள். தொடர் முடிந்ததும் பின்னைப் பிரித்து, பக்கங்களை வரிசையாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, முதல் பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதிவைக்கிற வழக்கம் தமிழ்நாடெங்கும் இருந்தது. அந்தத் தொகுப்புகளைப் புரட்டினால் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். இன்னொரு பக்கத்தின் பின்புறம் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். ஓரத்தில் பென்சில் குறிப்பு இருக்கும். தமிழ் அறிவியல் புனைகதை ரசனையின் ஆவணம் அதுதான். மன்றப் பலகையில் அதற்குப் பெயர் கிடையாது.

காமிக்ஸிலும் இதே நிலைதான். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தது மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் 'இரும்புக்கை மாயாவி'. அது அசல் அறிவியல் புனைகதை. ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டிக் காமிக்ஸ் வாசகர்கள் கூடுவது இன்று ஒரு மரபாகவே ஆகிவிட்டது. சேகரிப்பவர்கள்தான் அங்கே முன்னால் நிற்பார்கள். சேகரிக்க அலமாரி வேண்டும், கைச்செலவுக்குக் காசு வேண்டும், பழைய புத்தகக் கடை வாசலில் நிற்கிற சுதந்திரம் வேண்டும். படிப்பதற்கு அண்ணன் வாங்கிவந்த பிரதி போதும். சேகரித்தவரை மட்டும் ரசிகர் என்று எண்ணினால், அந்தப் பிரதியை ராத்திரி விளக்கில் படித்து முடித்த தங்கை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறாள்.

இனி 'எந்திரன்'. ரசிகைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. கூடியிருந்த கேமராக்களுக்கு முன்னால் உடையில்லாமல் நின்ற அவமானம் தாங்காமல் அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ரோபோவுக்கு மனித உணர்வு புரியவில்லை என்று காட்டுவதற்காக ஒரு பெண்ணின் உயிரைத் திரைக்கதை செலவழித்துவிட்டது. அதைப் பெண்கள் எப்படிப் பார்த்தார்கள்? 2018-ல் வந்த '2.0'-ல் நிலா என்ற பெயரில் ஒரு பெண் ரோபோ வருகிறாள். அழகான, புத்திசாலித்தனமான உதவியாளர் என்று சொல்லித்தான் அவளை அறிமுகப்படுத்துகிறார்கள். சர்வாதிகாரியை எதிர்த்து நின்ற நிலா எங்கே, உதவியாளர் நிலா எங்கே. முப்பது ஆண்டுகளில் தமிழ் அறிவியல் புனைகதை பெண்ணை எங்கிருந்து எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பது விமர்சகர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயமில்லை. தொடரையும் படித்து, படத்தையும் பார்த்த ஓசூர்க் குடும்பத் தலைவிக்கும் அவர் மகளுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கும்.

அந்த மகள் இன்று எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் கதையின் பகுதி. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா நிறுவனம் தன் ஆலைக்கு 'ஃபியூச்சர் ஃபேக்டரி' என்று பெயர் வைத்தது. முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலையாக இருக்கும், முழுத் திறனில் பத்தாயிரம் பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஆலையில் அறுபதாயிரம் பேர் பணிபுரிவார்கள், அவர்களில் முதல் ஆறாயிரம் பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்றார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஓசூர், கெலமங்கலம் சாலைகளில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பை, காதில் இயர்போன், சாய்ந்த தலை. ஆலைக்குள் அனுமதிக்கப்படாத செல்போன் அப்போதுதான் கைக்குத் திரும்பியிருக்கும். விடுதி வாசல் வரும்வரை அந்தத் திரையில் ஓடுவது என்ன, அதில் வருகிற எதிர்காலத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று எந்த ஆவணப்படம் கேட்டது?

பன்னிரண்டு மணி நேரம் வேலைக்கும் பயணத்துக்கும் போகிறவளுக்கு ரசிகையாக நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் அந்த மறுப்பிலேயே படத்துக்கான பொருள் இருக்கிறது. ரசிகராக இருப்பதற்கு ஓய்வு வேண்டும், சில்லறைக் காசு வேண்டும், ராத்திரி வெளியே போய்வரும் அனுமதி வேண்டும். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் பள்ளி முடிப்பதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற கொடுமை இன்னும் ஒழியவில்லை. அங்கிருந்து முதல்முறையாகச் சம்பளத்துக்கு வருகிற பெண் தன் காசில் பார்க்கிற முதல் படம் எது என்பது, கட்டவுட்டுக்கு எத்தனை குடம் பால் ஊற்றினார்கள் என்பதைவிடக் கனமான செய்தி. ரொக்கையாவின் கதையில் இரண்டு மணி நேர வேலை. இங்கே எட்டு மணி நேர ஷிப்டும் ஓவர்டைமும். ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாத ரசிகர் படம் பாதி உண்மையோடு நின்றுவிடும்.

ரஜினி ரசிகர் வேறு, அறிவியல் புனைகதை ரசிகர் வேறு என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். மேற்கு நாடுகளில் 1930-களிலிருந்தே இந்த வகைக்கென்று தனிச் சங்கங்களும், 1939 முதல் உலக மாநாடும் இருந்தன. தமிழில் அப்படித் தனி வீடு கட்டிக்கொள்ள இந்த ரசனைக்கு வாய்ப்பில்லை. அது தொடர்கதைப் பக்கத்திலும், காமிக்ஸிலும், நட்சத்திரப் படத்திலும் குடியிருந்துதான் வளர்ந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963-ல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரக மனிதன் பூமிக்கு வந்ததை நட்சத்திர ரசிகர்கள்தான் பார்த்தார்கள். 'இன்று நேற்று நாளை', '24', 'மாநாடு' என்று காலப்பயணமும் காலச் சுழலும் இன்று சாதாரணப் பார்வையாளருக்குப் பழகிவிட்டன. 'அரூ' இணைய இதழ் 2019-ல் அறிவியல் சிறுகதைப் போட்டி அறிவித்தபோதுதான் இதற்கென்று ஒரு தனித் திண்ணை அமைந்தது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு ரசனையை வேண்டாமென்று ஒதுக்கினால் மிச்சமிருப்பது படித்த, வசதியுள்ள, இணையத்தில் எழுதுகிற சிறு வட்டம் மட்டுமே. தூய்மை பேசுவது இங்கே வர்க்கம் பேசுவதாகப் போய் முடிகிறது.

ஆவணப்படம் இருப்பதைக் காட்டுவது, இத்தனை பெண், இத்தனை சாதி, இத்தனை மொழி என்று ஒதுக்கீடு போட்டு எடுத்தால் அது பிரச்சாரமாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. தலையெண்ணி நிரப்பச் சொல்வது என் நோக்கமில்லை. கேமரா எங்கே நின்றாலும் அது ஏற்கெனவே ஒரு தேர்வுதான். தியேட்டர் வாசலைத் தேர்ந்தெடுப்பவர் தன்னை அறியாமலேயே ஆண்களுக்கு ஒதுக்கீடு கொடுத்துவிடுகிறார். பைண்டிங் செய்த தொகுப்பையும், விடுதிப் பொது அறையில் ஓடுகிற டிவியையும், அரசு நூலக வருகைப் பதிவேட்டையும் தேடிப் போகிறவர் இருப்பதைத்தான் காட்டுகிறார். இன்னும் கொஞ்சம் உழைத்துக் காட்டுகிறார். இதை நான் நியாயத்தின் பெயரால் மட்டும் கேட்கவில்லை. தகவல் பிழை என்ற முறையிலும் கேட்கிறேன். வாசகர்களில் பாதிப்பேரை விட்டுவிட்டு 'தமிழ் ரசிகர்கள்' என்று தலைப்பு வைத்தால் தலைப்பே தவறு.

மொழியிலும் இதே கவனம் வேண்டும். ஓசூரில் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று பேசுகிற குடும்பங்கள் ஏராளம். 'எந்திரன்' தெலுங்கில் 'ரோபோ'வாக வந்தது. கன்னடத்தில் டப்பிங் படங்களுக்குப் பல பத்தாண்டுகள் எழுதப்படாத தடை இருந்ததால் கன்னடம் பேசுகிறவர்கள் அதைத் தமிழிலோ தெலுங்கிலோதான் பார்க்க வேண்டியிருந்தது. காவிரி, ஒகேனக்கல் என்று பிரச்சினை எழும்போதெல்லாம் கர்நாடகப் பக்கம் தமிழ்ப் படத்துக்குத் தியேட்டர் மூடப்படும். எல்லை ஊரான ஜூஜூவாடி தாண்டி வந்து படம் பார்ப்பவர்களுக்கு எல்லைக் கோடு அன்று உறைக்கும். ஆதவன் தீட்சண்யா, பா.வெங்கடேசன் போன்ற எழுத்தாளர்கள் வாழும் ஊர் இது. இலக்கிய விவாதத்துக்கு இங்கே பஞ்சமில்லை. இப்போது விடுதிகளில் இந்தியும் ஒடியாவும் சந்தாலியும் சேர்ந்துவிட்டன. தமிழ் சப்டைட்டில் போட்டாவது அவர்களைப் பேசவைக்காத படத்தை ஓசூர்ப் படம் என்று சொல்ல முடியாது.

கேமராவைப் பற்றி மிக முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. 2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா வைக்கப்பட்டது தெரிந்து பெண்கள் திரண்டு போராடினார்கள். வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. 'எந்திரன்' காட்சியில் வந்த அவமானம் இங்கே செய்தியாகவே நடந்தது. அந்த விடுதிப் பெண்கள் முன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர், பிரதிநிதித்துவம் கொடுக்க வந்திருக்கிறேன் என்று மார்தட்ட முடியாது. முகம் காட்ட விருப்பமில்லை என்றால் குரல் போதும். குரலும் வேண்டாம் என்றால் எழுதித் தரட்டும். எடுத்த காட்சியைப் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு எழுத்து வடிவில் இருக்க வேண்டும். முடிந்தால் கேமராவை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். செல்போனின் பாகங்களைச் செய்கிற கைகளுக்கு அதில் படமெடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நிச்செல் நிக்கோல்ஸைச் சொல்லலாம். 'ஸ்டார் ட்ரெக்'கில் விண்கல அதிகாரியாக நடித்த கறுப்பினப் பெண் அவர். தொடரை விட்டு விலக நினைத்தவரை மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார். 1977-ல் நாசா விண்வெளி வீரர்களைத் தேடியபோது பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனவர் அவர். 1978-ல் தேர்வான குழுவில் சாலி ரைட் என்ற பெண்ணும் கியான் புளூஃபோர்டு என்ற கறுப்பினத்தவரும் இருந்தார்கள். 2014 செப்டம்பரில் மங்கள்யான் வெற்றியின்போது பெங்களூரு இஸ்ரோவில் பட்டுப்புடவைகளில் சிரித்து நின்ற பெண்களின் புகைப்படம் நம் வீடுகளில் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் யார் என்று ஒரு சிறுமி பார்க்கிறாள். அதிலிருந்து தன் இடத்தை முடிவு செய்துகொள்கிறாள்.

திரைப்படக் கல்லூரி மாணவர்களிடமும் இளம் இயக்குநர்களிடமும் வைக்கும் கோரிக்கை இதுதான்: அடுத்த பெரிய ரோபோ படம் வெளியாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாச்சிக்குப்பம் போகிறவர்கள் அப்படியே போச்சம்பள்ளிக்கும் போங்கள்; மன்றத் தலைவரைப் பேட்டி எடுத்தால் அவர் வீட்டம்மாவிடமும் கதையைப் பற்றியே கேளுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் அம்மாவோ அத்தையோ சேர்த்துவைத்த தொடர்கதைத் தொகுப்புகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெயர் எழுதியவர் இன்னும் நம்மோடு இருந்தால், எதற்காக அந்தக் கதையைப் பத்திரப்படுத்தினார் என்று கேட்டு, அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். புத்தகத்தை வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.